பறிப்பதற்கு முன் எத்தனை நாள்?

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பேராக் மாநிலத்தின் பீடோர் வழியாகப் பழைய பெருஞ்சாலையில் பயணம் செய்தவர்கள், எங்கள் ஊர்க் கொய்யாத் தோட்டங்களில் ஒவ்வொரு காயும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பழ ஈ முட்டையிடுவதற்கு முன்பே, காய் சிறிதாக இருக்கும்போதே, ஆள் வைத்து ஒவ்வொன்றாக உறை மாட்டுகிறார்கள். கூலி அதிகம், பொறுமையும் வேண்டும். ஆனால் உறைக்குள் இருக்கும் காய்க்கு ஈயை விரட்டும் மருந்து தேவைப்படுவதில்லை. பயற்றங்காய்க்கும் கீரைக்கும் மிளகாய்க்கும் இப்படி உறை மாட்ட முடியாது. அவற்றின் மீது தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லியில் எவ்வளவு எஞ்சி நம் சமையலறைக்கு வருகிறது என்பதையும், அதை அரசாங்கம் எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் பற்றித்தான் இன்று பேச அழைக்கப்பட்டிருக்கிறேன். நான் உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பிறந்து வளர்ந்தது இந்த வட்டாரத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில்.

முதலில் சொல்லைப் பற்றி ஒன்று. தோட்டத்தில் நாம் ‘மருந்து அடிப்பது’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நம் மலேசிய நாட்டுச் சட்டமோ, 1974ஆம் ஆண்டிலேயே அதற்கு மலாயில் ‘ராச்சுன் மக்லுக் பெரோசாக்’, அதாவது தீங்குயிர்களுக்கான நஞ்சு என்று பெயர் வைத்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிவு செய்யப்படாத எதையும் இங்கே இறக்குமதி செய்யவோ தயாரிக்கவோ விற்கவோ கூடாது. பதிவு என்பது போத்தலுக்குத் தரப்படும் பொதுவான அனுமதி அன்று. எந்தப் பயிரில், எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு கலந்து, கடைசித் தெளிப்புக்குப் பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற விவரங்களோடு சேர்ந்த அனுமதி அது. இந்தப் பக்கத்தை விவசாயத் துறை பார்த்துக்கொள்கிறது. விளைந்த காய் சந்தைக்கு வந்த பிறகு பொறுப்பு சுகாதார அமைச்சின் கைக்கு மாறுகிறது. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும், 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின் 16ஆவது அட்டவணையும் அங்கே பேசுகின்றன. எந்த உணவுப் பொருளில் எந்த நஞ்சின் எச்சம் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற உச்ச வரம்புகளை அந்த அட்டவணை தருகிறது.

இந்த உச்ச வரம்பைப் பற்றித்தான் பொதுமக்களிடம் மிகுதியான தவறான எண்ணம் இருக்கிறது. வரம்புக்குக் கீழே இருந்தால் உணவு, மேலே போனால் விஷம் என்று நினைக்கிறோம். அந்த எண் அப்படிப் பிறக்கவில்லை. குறிப்பிட்ட பயிரில், போத்தலில் ஒட்டிய சிட்டையில் சொன்ன அளவில் மருந்தைத் தெளித்து, சொன்ன நாள் வரை காத்திருந்து, பிறகு பறித்துச் சோதித்தால் அதிகபட்சம் எவ்வளவு எஞ்சும் என்று பல வயல்களில் பரிசோதித்துப் பார்த்து எழுதப்படுவது அது. ஆகவே அது முதலில் விவசாயியின் ஒழுங்கை அளக்கும் கோல். உடல்நலக் கணக்கு தனியே நடக்கிறது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து எந்தத் தீங்கும் தெரியாத அளவை எடுத்து, விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பத்தாலும், மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்காக மறுபடி பத்தாலும், ஆக வழக்கமாக நூறால் வகுத்து, ஒருவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ளக்கூடிய அளவை நிர்ணயிக்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டும் நிபுணர் குழு 1963 முதல் இந்த இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்து வருகிறது. வயல் எண் உடல்நல எண்ணுக்குள் அடங்கினால்தான் கோடெக்ஸ் என்னும் அனைத்துலக உணவுத் தர அமைப்பு அதை வரம்பாக ஏற்கும். எனவே வரம்பு மீறிய காய் ஒன்றைத் தின்றவர் அன்றே நோயாளி ஆவார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காயை விளைவித்தவர் சிட்டையை மதிக்கவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பரிசோதனைக்கூடத்தில் நடப்பதையும் சற்றுச் சொல்கிறேன். மாதிரியாக வந்த காயை நாங்கள் கழுவுவதில்லை. விற்கப்படும் நிலையில் அது எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. வாழைப்பழத்தைக் காம்பை மட்டும் நீக்கிவிட்டுத் தோலோடு அரைப்போம். தோலை யாரும் தின்பதில்லையே என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். வரம்பு அளப்பது வயலைத்தான், வாயை அன்று என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அரைத்த விழுதில் பத்து கிராமைக் குழாயில் இட்டு, அசிட்டோநைட்ரில் என்ற கரைப்பானை ஊற்றி, மக்னீசிய உப்பையும் சாதாரண உப்பையும் சேர்த்துக் குலுக்கினால், உப்பு தண்ணீரை உறிஞ்சும் வேகத்தில் குழாய் கைக்குள் சூடாகும். சுழற்றி எடுத்ததும் மேலே தெளிந்து நிற்கும் கரைப்பானில்தான் நஞ்சு இருக்கும். அதைக் கருவி பிரித்து, ஒவ்வொன்றின் எடையையும் வைத்து அடையாளம் கண்டு, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லும். 2003இல் வெளியான இந்த எளிய முறை வந்த பிறகு, ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான இரசாயனங்களைத் தேட முடிகிறது.

ஆனால் கீரை காத்திருப்பதில்லை. மாதிரி எடுத்து, சோதித்து, உறுதிப்படுத்தி, அறிக்கை கையெழுத்தாகும்போது அந்தக் கீரைக்கட்டின் உடன்பிறப்புகள் எல்லாம் சமைத்து உண்ணப்பட்டிருக்கும். அடுத்த முறை அதே தோட்டத்தைக் கண்காணிக்கவும் வழக்குத் தொடரவும் அறிக்கை உதவும். அன்றைய சாப்பாட்டுத் தட்டைக் காப்பாற்ற உதவாது. எல்லைச் சோதனைச் சாவடிகளில் சந்தேகத்துக்குரிய சரக்கைத் தடுத்து வைத்துச் சோதித்த பிறகே விடும் ஏற்பாடு உண்டு. உள்நாட்டுக் காய்க்கு அப்படி ஒரு கதவு இல்லை. அதனால்தான் எச்சக் கட்டுப்பாட்டின் உண்மையான இடம் சந்தை அன்று, தோட்டம் என்று நான் கருதுகிறேன். அங்கே அதன் பெயர், பறிப்பதற்கு முன் காத்திருக்கும் நாள்.

அந்த நாள்கணக்கு எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மருந்து இரண்டு நாளைக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தெளித்த மறுநாள் பறித்தால் ஏறக்குறைய 70 விழுக்காடு இருக்கும். ஏழு நாள் பொறுத்தால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். இடையில் வெயிலும் மழையும் செடியின் வளர்ச்சியும் சேர்ந்து உதவும். இவ்வளவு எளிதாக இருந்தும் ஏன் தவறுகிறது?

இந்தக் கேள்வியை, லயத்துக்குப் பின்னால் இருந்த நிலத்தில் பயற்றங்காய் போட்டிருந்த ஒருவரிடம் ஒரு முறை கேட்டேன். அவர் என்னைத் தன் பந்தலுக்குள் அழைத்துப் போய், கொத்தாகத் தொங்கிய காயைக் கையில் ஏந்திக் காட்டினார். “அக்கா, இதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கணும். ஏழு நாள் விட்டா முத்திப் போயிடும். முத்தின காயை யாரு வாங்குவா?” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. முட்டைக்கோஸ் போல ஒரே நாளில் அறுவடையாகும் பயிருக்குக் காத்திருப்பு பொருந்தும். பயற்றங்காய், வெண்டை, வெள்ளரி, கத்தரி போன்றவை வாரக்கணக்கில் காய்த்துக்கொண்டே இருப்பவை. அவற்றில் ஒரே செடியில் ஒரே நேரத்தில் பூவும் பிஞ்சும் காயும் பூச்சியும் இருக்கும். பறிப்பு தொடங்கிய பின் ஏழு நாள் காத்திருக்க வேண்டிய மருந்தை அடிப்பது என்றால், மூன்று பறிப்பை மண்ணில் கொட்டுவது என்று பொருள். வழி இல்லாமல் இல்லை. நீண்ட நாள் நிற்கும் மருந்தைப் பூ வருமுன் நிறுத்திவிட்டு, பறிக்கும் காலத்தில் பேசில்லஸ் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் புழுக்கொல்லி போன்ற எச்சக் கவலை குறைந்தவற்றுக்கு மாறலாம். அவரும் பிறகு அப்படித்தான் செய்தார். கொட்டகையில் தொங்கிய நாள்காட்டியில் தெளித்த நாளுக்கு நேராக ‘ம’ என்று எழுதி வைத்திருந்தார். இதைத்தான் நல்ல விவசாய நடைமுறைக்காக விவசாயத் துறை தரும் மைகேப் சான்றிதழ் கேட்கும் பதிவேடு என்று சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது.

நம்மவர் சமையலுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஒரு மருந்துக்கு நம் அட்டவணையில் வரம்பு இல்லையென்றால் கோடெக்ஸ் வரம்பைப் பார்ப்பார்கள். அதிலும் இல்லையென்றால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே வரம்பு. பத்து டன் லாரிகள் பத்தில் ஏற்றிய காய்கறி முழுவதிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம். உலகம் முழுதும் விளையும் தக்காளிக்கும் திராட்சைக்கும் நிறுவனங்கள் செலவு செய்து வயற்சோதனை நடத்தி வரம்பு வாங்கிவிடுகின்றன. முருங்கைக்கீரைக்கும் அகத்திக்கும் பொன்னாங்கண்ணிக்கும் யார் அந்தச் செலவைச் செய்வார்கள்? பதிவான மருந்து இல்லாதபோது, வேறு பயிருக்கான மருந்தைத் தோட்டக்காரர் தாமே கணக்குப் போட்டு அடிக்கிறார். இந்தியக் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைத்ததும், பிறகு நம் மலேசியப் பலாப்பழமே அந்தப் பட்டியலில் ஏறியதும் எச்சத்தின் காரணமாகத்தான். 2024இல் தாய்லாந்தில் சோதித்த ஷைன் மஸ்கட் திராட்சை மாதிரிகள் 24இல் 23 வரம்பு மீறின என்ற செய்தி நம் ஊர்ச் சந்தை வரை பரபரப்பாகப் பேசப்பட்டது. அவற்றுள் ஒன்றில் அங்கே தடை செய்யப்பட்ட குளோர்பைரிபோஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது. மற்றவை மீறியது இந்த 0.01 என்ற வரம்பைத்தான். இரண்டும் செய்தியில் ஒரே அச்சத்தைத் தந்தன. தன்மையில் அவை ஒன்றல்ல.

வரம்பு போதாது என்று கண்டால் அரசாங்கம் மருந்தையே விலக்குகிறது. குளோர்பைரிபோஸையும் கார்போபூரான் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லியையும் விவசாயத்தில் பயன்படுத்த நம் நாட்டில் 2023 மே முதல் தடை. களைக்கொல்லியான பாராகுவாட்டின் கதை நீண்டது: 2002இல் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முற்றாக விலக்கப்பட்டது. அது பெரும்பாலும் உணவில் எஞ்சியதற்காக விலக்கப்படவில்லை, அடித்தவர்களுக்காகவே விலக்கப்பட்டது. என் அம்மா முதுகில் பம்பைச் சுமந்து ரப்பர் மரங்களுக்கிடையே அதை அடித்தவர். மாலையில் வீடு திரும்பியதும் நகங்களை எங்களிடம் காட்டமாட்டார். உண்பவருக்காக எழுதப்பட்ட எச்ச வரம்பில் அந்தக் கைகளுக்கு இடமில்லை. அவற்றுக்காக எழுதிய விதிகள் வேறு.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் மேலே படிந்திருப்பதில் ஒரு பகுதி போகும், சவர்க்காரம் வேண்டாம். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து கழுவினாலும் போகாது. ஒரே காயை ஒரே இடத்தில் நாள்தோறும் வாங்குவதைவிட மாற்றி மாற்றி வாங்குவது நல்லது. சந்தேகம் வந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்; எந்தக் கடையில், எந்த நாளில் வாங்கியது என்று எழுதி வையுங்கள். சொந்தமாகப் பயிரிட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்பவரிடம், “எப்பொழுது மருந்து அடித்தீர்கள், அண்ணே?” என்று கேளுங்கள். முதல் நாள் கோபித்துக்கொள்வார். அடுத்த வாரமும் நான்கு பேர் கேட்டால், பதில் சொல்வதற்காகவாவது தேதியைக் குறித்து வைத்திருப்பார்.

நன்றி, வணக்கம்.