தோல் ஆலைக் கழிவுநீரில் கந்தகம்: இரண்டு பாட்டில் எதற்கு?

[காட்சி: சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வழியும் சாம்பல் நிறத் தண்ணீர்]

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத் தோல் ஆலைகளில், தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடும் சேர்ப்பார்கள். அப்புறம் பதனிட குரோமியம் சல்பேட். ஆகவே கழிவுநீரில் கந்தகம் ஒரே வடிவத்தில் இருக்காது: சல்ஃபைடு, அது காற்றுபட்டுப் பாதி மாறிய தயோசல்பேட், கூடவே சல்பேட்.

[காட்சி: கருவியின் வரைபடம்]

இவற்றைப் பிரித்து அளப்பதற்குத்தான் அயனி குரோமட்டோகிராபி. நீர்த்த சோடியம் கார்பனேட் கரைசல், மாதிரியைப் பிரிப்புக் குழலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். குழலில் உள்ள ரெசின் ஒவ்வொரு எதிர்மின் அயனியையும் வெவ்வேறு நேரம் பிடித்து வைக்கும். குளோரைடு முதலில் வரும், சல்பேட் பின்னால், தயோசல்பேட் இன்னும் தாமதமாக.

அடுத்தது சப்ரஸர்: கரைசலின் மின்கடத்துத் திறனை அளக்கும் டிடெக்டருக்கு முன்னால் இருக்கும் பகுதி. இதை 1975-இல் ஸ்மால், ஸ்டீவன்ஸ், பாமன் என்ற மூன்று வேதியியலாளர்கள் வெளியிட்டார்கள். இந்த முறைக்கே உயிர் இதுதான். சோடியத்தை எடுத்துவிட்டு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கும். கார்பனேட் கார்பானிக் அமிலமாகிவிடும். அதில் மின்சாரம் அதிகம் கடக்காது. சல்பேட்டோ கந்தக அமிலமாகி நன்றாகக் கடத்தும். திரையில் பீக் (வரைகோட்டில் எழும் முகடு) பளிச்சென்று எழும்.

ஆனால் அதே சப்ரஸர் சல்ஃபைடை ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆக்கிவிடும். அது பெரிதாக அயனியாகப் பிரியாது. மூக்கைத் துளைக்கும் நாற்றம் அடிக்கிற தண்ணீராக இருந்தாலும், மின்கடத்துத் திறன் டிடெக்டரில் சல்ஃபைடு பீக் தெரியாது! அதற்கு வெள்ளி மின்முனை வைத்த ஆம்பரோமெட்ரிக் டிடெக்டர் (மின்முனையில் நடக்கும் வினையால் எழும் மின்னோட்டத்தை அளப்பது) வேண்டும்.

[காட்சி: இரண்டு பாட்டில்கள், ஒன்றில் வெண்மையான படிவு]

என்னைக் கேட்டால், கருவியைவிட பாட்டில்தான் முக்கியம். ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடைந்தால், சல்ஃபைடு குறைந்து தயோசல்பேட்டும் சல்பேட்டும் கூடும். சல்ஃபைடுக்கான பாட்டிலில், தண்ணீர் எடுக்கும் இடத்திலேயே துத்தநாக அசிடேட்டும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, காற்று இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். அடியில் படிவது துத்தநாக சல்ஃபைடு. அதை வடிகட்டினால் தேடுகிற பொருளே வடிதாளில் தங்கிவிடும். சல்பேட்டுக்கு இன்னொரு பாட்டில்: 0.45 மைக்ரான் வடிகட்டி, குளிர்ச்சி, உடனடி ஆய்வு.

குளோரைடு ஒரு தொல்லை. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பில் போட்டு வருவதால் அதன் பீக் மலைபோல் எழும். நீர்க்கச் செய்து ஓட்டுங்கள்.

முடிவை எழுதும்போது அலகையும் பாருங்கள். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு இந்தியாவில் உள்ள பொது வரம்பு, சல்ஃபைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம். அது கந்தகமாகக் கணக்கிட்டது. சல்பேட் 300 மில்லிகிராம் என்றால் கந்தகம் 100 மட்டுமே. இரண்டையும் கூட்டுவதானால் முதலில் சல்பேட் அளவை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள்.