ஏரியில் இறங்கிய போர் விமான எஞ்சின்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1945இல் இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, அமெரிக்க அரசின் கையில் வேலையற்றுப்போன விமான எஞ்சின்கள் குவிந்து கிடந்தன. பி-38, பி-39, பி-40 ஆகிய போர் விமானங்களை இயக்கிய அலிசன் வி-1710 எஞ்சின் மட்டுமே ஏறத்தாழ 70,000 செய்யப்பட்டிருந்தது. மஸ்டாங் போர் விமானத்திலும் பொருத்தப்பட்ட ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினை உரிமம் பெற்று டெட்ராய்ட்டில் தயாரித்த பேக்கார்டு நிறுவனம் 55,000க்கு மேல் செய்து முடித்திருந்தது. இனி வானம் ஜெட்டுக்கு உரியது என்பது அதற்குள் தெளிவாகிவிட்டது. பயணிகள் விமானம் நடத்திய அமெரிக்க நிறுவனங்களோ, ரேடியேட்டரும் குழாய்களும் வேண்டாத, காற்றாலேயே குளிரும் எஞ்சின்களையே விரும்பின. ஆகவே பெட்டி பிரிக்காத புது அலிசன்கள்கூடச் சொற்ப விலைக்கு ஏலம் போயின.

அவற்றை வாங்கியவர்களில் சிலர் காரில் பூட்டி உப்புப் பாலைவனத்தில் ஓட்டினார்கள். சிலர் டிராக்டரில் ஏற்றிப் பாரமிழுக்கும் போட்டிக்குப் போனார்கள். நான் பேச வந்தது படகுகளைப் பற்றி.

சியாட்டில் நகரத்து ஸ்டான்லி சேயர்ஸ், தம் ‘ஸ்லோ-மோ-ஷுன் 4’ என்ற படகில் ஓர் அலிசனைப் பொருத்தி, 1950 ஜூன் 26 அன்று வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160.323 மைல், அதாவது ஏறத்தாழ 258 கிலோமீட்டர், வேகத்தில் சென்றார். ஆங்கிலேயரான மால்கம் கேம்பல் 1939இல் நிறுவிய, நீர்மேல் வேகத்துக்கான உலக சாதனை 141.74 மைல்தான். பந்தயத்துக்கென்றே செய்த ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சினைக் கொண்டு கேம்பல் சாதித்ததை, கழித்துப் போட்ட எஞ்சின் ஒன்று பதினெட்டு மைலுக்கு மேல் முந்தியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

எஞ்சின் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. டெட் ஜோன்ஸ் வடிவமைத்த அந்தப் படகு, வேகமெடுத்ததும் முன்பக்கத்து இரு மிதவைகளின் நுனியிலும், பாதி மட்டுமே நீரில் அமிழ்ந்த புரொப்பெல்லரிலுமாக மூன்றே புள்ளிகளில் நீரைத் தொட்டு ஓடியது. பாதி வெளியே நிற்கும் புரொப்பெல்லர் மிக விரைவாகச் சுழன்றால்தான் பயன் தரும். விமானத்திலோ நிலைமை நேர் எதிர்: எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்ற, புரொப்பெல்லர் அதில் ஏறக்குறைய பாதி வேகத்தில் சுழலும்படி பல்சக்கரங்கள் குறைத்துக் கொடுக்கும். படகுக்காரர்கள் அந்தக் குறைப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு, சுழற்சியை மும்மடங்காக்கும் பெட்டியைப் பூட்டினார்கள். ரேடியேட்டருக்கும் வேலையில்லை, ஓடும்போதே ஏரி நீரை அள்ளி எஞ்சினுக்குள் செலுத்திக் குளிர்வித்தார்கள். போயிங் ஆலை இருந்த ஊராதலால் விமான எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளுக்கும் அங்கே பஞ்சமில்லை.

பின்னர் படகுப் பந்தயங்களில் மெர்லின் மேலோங்கியதற்கும் காரணம் உண்டு. பி-38இல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குக் கூடுதலாகத் தந்த டர்போ, எஞ்சினுக்கு வெளியே தனியாக விமானத்தில் இருந்தது; ஏலத்தில் வந்த அலிசனோடு அது பெரும்பாலும் வருவதில்லை. மஸ்டாங்கின் மெர்லினிலோ இரண்டு கட்டங்களாகக் காற்றை அழுத்தும் சூப்பர்சார்ஜர் எஞ்சினின் உறுப்பாகவே இருந்தது. அந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் கனவிலும் எண்ணாத அளவுக்குப் படகுக்காரர்கள் அதை முடுக்கினார்கள். வானில் பல நூறு மணிநேரம் உழைக்க வேண்டியது, நீரில் ஒரே பந்தயத்தில் பிஸ்டன் தண்டை உடைத்துக்கொண்டு நின்றது. நின்றால் என்ன, கொட்டகையில் அடுத்தது இருந்ததே! அந்த வேகத்தின் உண்மையான எரிபொருள் பெட்ரோல் அன்று, புதிதாக யாரும் நிரப்பப்போகாத அந்தக் கையிருப்புதான் என்பேன்.

கையிருப்பு கரைந்தது. பழைய மஸ்டாங்குகளைப் பறக்கவைக்க விரும்பியவர்களும் அதே மெர்லினுக்குப் போட்டியிட்டதால் விலை ஏறியது. 1980களில் சிலர் ரோல்ஸ்-ராய்ஸின் மற்றொரு விமான எஞ்சினான, 37 லிட்டர் கொள்ளளவுள்ள கிரிஃபனுக்கு மாறிப் பார்த்தார்கள். அதுவும் எத்தனை நாளைக்கு? அதே பத்தாண்டில் பந்தயத்தைக் கைப்பற்றத் தொடங்கிய டர்பைன் எஞ்சினும் கடையில் வாங்கியதல்ல. சினூக் ராணுவ ஹெலிகாப்டரிலிருந்து கழிக்கப்பட்ட லைகமிங் டி-55 அது.