தரை பார்த்து மாறிய ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்விங் என்ற ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடும் ஸ்விங் நடனத்தைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆடிக் காட்ட வழியில்லை. சரி, தரையிலிருந்து தொடங்குகிறேன்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி, லெனாக்ஸ் அவென்யூ. 1926 மார்ச்சில் அங்கே சவாய் பால்ரூம் என்ற நடனக் கூடம் திறந்தது. 140ஆம் தெருவிலிருந்து 141ஆம் தெரு வரை நீண்ட மாடிக் கூடம். மரத்தளம், இசைக்குழுக்களுக்கு இரண்டு மேடைகள். ஒரு மேடை ஓய்ந்தால் அடுத்தது வாசிக்கத் தொடங்கிவிடும். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடலாம் என்பது அன்றைய அமெரிக்காவில் அபூர்வம். ஆனால் ஆட்டத்தைப் படைத்தவர்கள் ஹார்லெமின் கறுப்பின இளைஞர்கள்தான்.

சார்ல்ஸ்டன் போன்ற முந்தைய ஆட்டங்களிலிருந்து அவர்கள் கடைந்தெடுத்தது லிண்டி ஹாப். 1927இல் அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த விமானி லிண்ட்பெர்க்கை வைத்துப் பெயர் வந்தது என்பார்கள். அதன் உயிர்நாடி ஸ்விங்அவுட் என்ற அடவு. தாளத்தில் எட்டு எண்ணிக்கை. நெருங்கி வரும் ஜோடி சேர்ந்து சுற்றி, ஒற்றைக் கைப்பிடியில் எட்டும் மட்டும் விலகும். நடுவே இரண்டு எண்ணிக்கைக்குள் மூன்று அடி வைக்க வேண்டும். என் கால் பின்னிக்கொள்வது அங்கேதான். விலகி நிற்கிற அந்த நொடியில் அவரவர் சரக்கை எடுத்துவிடலாம்.

ஷார்ட்டி ஸ்னோடன் என்ற ஆட்டக்காரர் குள்ளம். அவருடைய ஜோடி பிக் பீ நெடுநெடு. முடிவில் பீ அவரை முதுகில் சுமந்துகொண்டு நடப்பார், இவர் கால்கள் காற்றில் உதைக்கும், கூட்டம் சிரிக்கும். இதைப் பார்த்த இளைஞர் ஃபிராங்கி மேனிங்குக்கு ஒரு யோசனை: சுமப்பதோடு ஏன் நிறுத்த வேண்டும்? முதுகின் மேலாக உருட்டி இந்தப் பக்கம் இறக்கினால்? மெத்தை போட்டு ஃப்ரீடா வாஷிங்டனுடன் பழகினார். 1935இல், ஒரு போட்டியில், டிரம்ஸ் கலைஞர் சிக் வெப்பின் இசைக்குழு வாசிக்க, ஃப்ரீடா அவர் முதுகில் புரண்டு தாளம் பிசகாமல் தரையில் இறங்கினார். அந்தரத்தில் பறக்கும் அடவுகள் அப்படித்தான் லிண்டி ஹாப்புக்குள் வந்தன.

இதே ஸ்விங் இசைக்குக் கலிபோர்னியாவின் பால்போவா பகுதியில் வேறு ஆட்டம். அங்கே கூடங்களில் நெரிசல், கையை வீசினால் பக்கத்து ஆள் மேல் படும். மார்போடு மார்பு ஒட்டி நின்று பாதங்களை மட்டும் இழைத்தார்கள். ஊர்ப் பெயரே ஆட்டத்தின் பெயரானது. அப்புறம் வந்த வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் ஒரு நேர்கோட்டுப் பாதைக்குள் போய்வரும். நடனப்பள்ளிகள் ஆறு எண்ணிக்கையில் எளிமையாக்கியது ஈஸ்ட் கோஸ்ட் ஸ்விங். தொடங்குகிறவர்களுக்கு நல்லது, எனக்கு அது கொஞ்சம் சப்பென்றிருக்கும்.

சவாய் 1958இல் மூடப்பட்டது, பிறகு இடிக்கப்பட்டது. மேனிங் தபால் துறையில் வேலை பார்த்தார். எண்பதுகளில் இளைஞர்கள் அவரைத் தேடிப் போனார்கள்; ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தார். சவாய் நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். 2002இல் அங்கே நினைவுப் பலகை வைத்தபோது திறந்துவைத்தவர்கள் மேனிங்கும், அவரோடு அந்தத் தளத்தில் ஆடிய நார்மா மில்லரும்.