மதில் ஏறியவனும் முருகனைத்தான் கூப்பிட்டான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி உங்கள் கையில் இருப்பதால் மாலை மரியாதையைச் சுருக்கிக்கொள்கிறேன்.

“அநியாயம் துரத்தும்போது மனிதனைக் காப்பது இறைநம்பிக்கையா, தன் துணிவா?” தலைப்பை என் அணியினர் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு எதிரணி நண்பரோடு ஒரு கணக்கு இருக்கிறது. “83 ஜூலை இனக்கலவரத்தில் கொழும்புத் தமிழனைக் காப்பாற்றியது கடவுள் இல்லை, மதில். ஏறிக் குதித்தவன் பிழைத்தான்” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

ஐயா, அந்த மதிலில் “நியூட்டா, காப்பாற்று” என்று சொல்லிக்கொண்டா ஏறினார்கள்? “முருகா” என்றுதானே ஏறினார்கள்!

நம்பியவன் ஓடமாட்டான் என்று உங்களுக்கு யார் சொன்னது? கொழும்புக் கொச்சிக்கடைக்கு வாருங்கள். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் ஆண்ட காலம், கத்தோலிக்கருக்குத் தடை. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு, பகலில் வியாபாரி, இரவில் இரகசியமாகப் பூசை. ஒரு நாள் சிப்பாய்கள் துரத்தினார்கள். குரு என்ன செய்தார்? முழந்தாளிட்டாரா? இல்லை, ஓடினார். நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்: ஓடினார்! அங்கி இல்லாமல் வியாபாரி உடுப்பில் இருந்தது எவ்வளவு வசதி! முகத்துவாரம் பக்கம் ஓடியவரை மீனவர்கள் மறித்தார்கள். “உம்மைக் காப்பாற்றுகிறோம். ஆனால் கடல் எங்கள் கரையை அரிக்கிறது. உம்முடைய கடவுளிடம் சொல்லி அதை நிறுத்தும்.” பார்த்தீர்களா, உயிர் போகிற நேரத்திலும் கொழும்பில் பேரம்! மூச்சிரைக்க ஓடி வந்தவர் மணலில் சிலுவையை நட்டு மூன்று நாள் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பது வழிவழியாக வரும் கதை. கடல் ஏன் பின்வாங்கியது என்று எதிரணி ஆராயட்டும். எனக்கு அந்த ஓட்டம் போதும். ஓடி வந்தவர் தொடங்கிவைத்த அந்தோனியார் கோயிலில், செவ்வாய்க்கிழமைகளில் திருநீறு பூசியவர்களும் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்தது. ஜூன் மாதமே கதவு திறந்தது.

அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்ததைச் சொல்ல நேரமில்லை, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கே தெரியும்.

நண்பரே, என் அம்மம்மா மதில் ஏறவில்லை. முழங்கால் வலிக்காரி. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பின்கதவால் வந்து, ஈரத் துணியால் அம்மம்மாவின் நெற்றியைத் துடைத்து, தன் வீட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருத்தினார். தெருவில் கண்ணாடி உடைகிறது. அம்மம்மா மடியில் முடிந்திருந்த திருநீற்றை அவிழ்த்து, சேலைக்குள்ளே, யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் பூசிக்கொண்டார். “கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்” என்று உதடு மட்டும் அசைந்தது. கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தபோது அப்பர் பாடியது. வாசலில் கூட்டம் வந்து கேட்டது. சிங்கள அம்மா புத்தர் படத்துக்குக் கீழே நின்றபடி “இங்கே ஒருவரும் இல்லை” என்றார். பொய் சொல்லாதே என்ற சீலத்தைத் தினமும் சொல்கிற வாய்!

துணிவு என்கிறீர்கள். சரி, துணிவுதான். அந்த வாய்க்குள் அதை வைத்தது யார்? எதிரணித் தலைவர் எழுந்து வரட்டும். அந்த அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும் அம்மம்மாவிடம், “ஆச்சி, நீங்கள் பூசியது வெறும் சாம்பல்” என்று சொல்லிவிட்டு வரட்டும். நான் அமர்கிறேன்.