கழுத்துக் கட்டியும் ஐம்பத்தைந்து வயதும்
(காரைக்குடியில் மூத்தோருக்கான கூட்டத்தில் ஒரு மருத்துவர் ஆற்றிய உரை)

ஆச்சிமார்களுக்கும் ஐயாமார்களுக்கும் வணக்கம்.

நம் பக்கத்தில் அறுபதாம் கல்யாணப் படம் மாட்டாத வீடு அபூர்வம். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் படத்தில் இருக்கிற கழுத்தையும் கண்ணாடியில் தெரிகிற கழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். குரல்வளைக்குக் கீழே உருண்டையாக ஏதாவது ஏறி இறங்கினால், அது தைராய்டு கட்டியாக இருக்கலாம். தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதனால் பயம் வேண்டாம், ஆனால் கட்டாயம் காட்டிவிடுங்கள்.

பெரியவர்களிடம் இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? தைராய்டு புற்றுநோயில் நோய் எவ்வளவு முற்றியது என்பதை ஒன்று முதல் நான்கு வரை நிலைகளாகக் குறிக்கும்போது வயதையும் கணக்கில் சேர்க்கிறார்கள். பாப்பில்லரி, ஃபாலிக்குலர் என்ற பரவலாகக் காணப்படும் இரண்டு வகைகளில், 55 வயதுக்குக் குறைந்தவருக்கு நுரையீரல் வரை பரவியிருந்தாலும் இரண்டாம் நிலைதான். 55 ஆனவருக்கு அதே பரவல் நான்காம் நிலை. முன்பு 45 என்று இருந்த இந்த எல்லை 2018-இல் 55 ஆனது. அதற்காக 55-வது பிறந்தநாளில் திடீரென்று ஆபத்து வந்துவிடுவதில்லை. வயது ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது.

வயதானவர்களின் கட்டியில் பிராஃப், டெர்ட் என்ற மரபணு மாற்றங்கள் அதிகம் காணப்படுகின்றன. அத்தகைய செல்கள் பல நேரம் அயோடினை உறிஞ்சும் குணத்தை இழந்துவிடும். அப்புறம் அந்தச் செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுத்தாலும் சரியாகப் பிடிக்காது. அனாபிளாஸ்டிக் என்று ஒரு வகை, மிக மூர்க்கமானது. அபூர்வம்தான், ஆனால் வருவது பெரும்பாலும் 60 வயதுக்கு மேல். வருஷக்கணக்காகச் சும்மா இருந்த கட்டி சில வாரங்களில் பெருத்து, குரல் கம்மி, சோறு விழுங்கச் சிரமமானால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில், ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட பாப்பில்லரி கட்டிகளை 1993 முதல் அறுவை செய்யாமல் கண்காணித்து வந்தார்கள். அவற்றில் இளையவர்களின் கட்டிகளைவிட முதியவர்களின் கட்டிகள்தான் குறைவாக வளர்ந்தன. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் போனிலேயே "உடனே ஆபரேஷன்" என்று முடிவு செய்வதும் சரியல்ல, "வயசாச்சு, தாங்காது, விட்டுடுங்க" என்பதும் சரியல்ல. இரண்டாவதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறாது. வயதை மட்டும் பார்த்து யாருக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஸ்கேன், ஊசிப் பரிசோதனை, இதயத்தின் பலம் இவற்றைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

தைராய்டை முழுவதும் எடுத்துவிட்டால், அது சுரந்த ஹார்மோனுக்குப் பதிலாகத் தைராக்ஸின் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி நேரமாவது முன்னால் போடுங்கள். கால்சியம் மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. நோய் திரும்பாமல் இருக்கச் சிலருக்கு டோஸைக் கூட்டிக் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு அதனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயலாம். படபடப்பு வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தம் பார்த்து அளவை மாற்றித் தருவார்.