முதலில் பொறுக்க முடியாதவர்தான் கழுவ வேண்டுமா?

வணக்கம். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அப்படியே சிங்க்கில் போட்டுவிட்டுப் போகிறவர்களோடு ஒரே வீட்டில் வாழ்வதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். இதெல்லாம் சின்ன விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நண்பர்களாகச் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியவர்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் கணவன் மனைவி, தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர், யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பணத்துக்காக மனம் கசக்காத வீட்டில்கூட இதற்காகக் கசந்திருக்கும்.

காலையில் தண்ணீர் குடிக்க டம்ளரைத் தேடினால் ஒன்றுகூட இருக்காது. எல்லாம் சிங்க்கில் கிடக்கும். அடியில் தட்டுகள், அதன் மேல் சட்டி, சட்டிக்குள் கலங்கிய தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினால்தான் கரண்டி கிடைக்கும். ஓரத்தில் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும். சல்லடை அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காமல் நிற்கும். கேட்டால் பதில் தயாராக வரும்: "ஊறட்டும்னு போட்டேன்."

ஊறவைப்பதில் தப்பில்லை. காய்ந்து ஒட்டிய மாவுச்சத்து தண்ணீரை இழுத்து இளகும், கொஞ்ச நேரத்தில் தானாகக் கழன்று வரும். அந்தக் கொஞ்ச நேரம் போதும். ராத்திரி முழுக்க விட்டால் அது ஊறல் இல்லை, தேங்கல். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் பாக்டீரியா வேகமாகப் பெருகும், தோதான சூழல் கிடைத்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். கரப்பான் பூச்சியோ சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. நாம் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. சாப்பிட்டு எழுந்த கையோடு கழுவினால் ஒரு தட்டுக்கு அரை நிமிடம்கூட ஆகாது, அதே தட்டை மறுநாள் இன்னொருவர் சுரண்டித் தேய்க்க வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டுப் போகிறவர் தன் வேலையை மட்டும் அடுத்தவர் தலையில் கட்டவில்லை, அதைப் பெரிதாக்கியும் கட்டுகிறார்.

சரி, ஏன் எப்போதும் ஒரே ஆள் தலையில் விழுகிறது? எறும்பு, தேனீக் கூட்டங்களை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பொறுமை எல்லை உண்டு. எல்லை குறைவாக இருப்பது முதலில் எழுந்து வேலையைச் செய்துவிடும். அது செய்துவிடுவதால் மற்றவற்றின் எல்லையை அந்த வேலை எட்டுவதே இல்லை, அதனால் அவை எழுவதும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெஸ் ஆல்பர்ட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை வீட்டு வேலைக்குப் பொருத்திப் பார்த்தார்கள். இரண்டு தட்டு கிடந்தாலே உறுத்துகிற ஒருவரும், இருபது கிடந்தாலும் உறுத்தாத ஒருவரும் ஒரே வீட்டில் இருந்தால், இரண்டாமவர் இருபதைப் பார்க்கப் போவதே இல்லை. போகப் போக அது முதலாமவரின் வேலையாகவே ஆகிவிடும். நன்றி சொல்லக்கூட யாருக்கும் தோன்றாது, "அவளுக்கு அது பிடிக்கும்" என்று பேச்சு முடிந்துவிடும். பிடித்தா செய்கிறாள்? பொறுக்க முடியாமல் செய்கிறாள்.

அதனால்தான் "நீ கழுவாம விடு, அவங்களே வழிக்கு வருவாங்க" என்ற யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. போட்டி போட்டால் தோற்பது எல்லை குறைவானவர்தான். நாற்றமும் அவருக்கு, மனவேதனையும் அவருக்கு.

"கண்ணில் படவில்லை" என்று கழுவாதவர் சொல்வதையும் நான் முழுதாக ஏற்க மாட்டேன். விருந்தாளி வருகிறார் என்று போன் வந்தால் அதே ஆள் அரை மணி நேரத்தில் சிங்க்கைப் பளிச்சென்று ஆக்கிவிடுகிறாரே! கண்ணில் படத்தான் செய்கிறது. அது தன் பொறுப்பு என்றுதான் படவில்லை.

யார் அதிகம் செய்கிறார்கள் என்று கணக்குப் போட்டுச் சண்டை போடுவதிலும் பிரயோஜனமில்லை. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில் கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாக, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலும் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழு வேலையைவிட அதிகமாக வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் தேய்த்தது நமக்கு நினைவிருக்கும், நாம் தூங்கும்போது இன்னொருவர் தேய்த்தது எப்படி நினைவிருக்கும்?

அதற்காகப் பங்கு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. டேனியல் கார்ல்சன் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கத் தம்பதிகளைப் பற்றி 2018இல் வெளியிட்ட ஆய்வில், பகிர்ந்து செய்யும் வீட்டு வேலைகளிலேயே பெண்களுக்கு மிக முக்கியமாக இருந்தது பாத்திரம் கழுவுவதுதான். மிஷின் வாங்கினால் தீர்ந்துவிடாதா? ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி 1886இலேயே பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதற்குள் தட்டை அடுக்கவும், கழுவியதை எடுத்து வைக்கவும் ஓர் ஆள் வேண்டும், சண்டை அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்போ என்னதான் செய்வது? முதலில், சிங்க்குக்கு முன்னால் நின்றுகொண்டு, கையில் நாரோடு பேசாதீர்கள். அந்த நேரத்தில் வாயில் வருவது "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பதுதான், அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், எதிர்த்துத்தான் பேசுவார்கள். வேறு ஒரு நேரத்தில் உட்கார்ந்து, எல்லோரும் சேர்ந்து விதியைப் போடுங்கள். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அறிஞர் மீன்பிடி நீர்நிலை, மேய்ச்சல் நிலம், பாசன நீர் போன்ற பொதுச் சொத்துகளை ஊரார் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். பயன்படுத்துகிறவர்களே சேர்ந்து போடும் விதி, மீறினால் முதலில் சின்னதாகவும் திரும்ப மீறினால் கொஞ்சம் பெரிதாகவும் தண்டனை, இவை இருந்த இடங்களில் பொதுச் சொத்து நீடித்து நின்றதை அவர் பார்த்தார். சிங்க்கும் பொதுச் சொத்துதான். விதியைச் சொல்லும் வேலையைக் கழுவாத ஆளிடமே விடுங்கள், அவர் வாயால் வந்ததை அவரே மீறுவது கொஞ்சம் கஷ்டம்.

விதி மொட்டையாக இருக்கக் கூடாது. "சுத்தமா இருக்கணும்" என்றால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அர்த்தம். அவரவர் தட்டும் டம்ளரும் எழுந்த கையோடு, சமைத்த பாத்திரம் சமைக்காதவருக்கு, படுக்கப் போகும்போது சிங்க் காலி. இவ்வளவு தெளிவாக இருந்தால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. அப்புறம், தலைக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர் வெளியே வைத்துவிட்டு மீதியை மேல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள். எடுக்க வேறு தட்டு இல்லாதபோது பழைய தட்டைக் கழுவித்தானே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்து பேச்சை எல்லாம்விட அதிகம் பலித்தது இதுதான்.

சிலருக்கு உண்மையிலேயே கழுவத் தெரியாது, வீட்டில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். மிச்சத்தை வழித்துப் போட்டுவிட்டு, டம்ளரை முதலிலும் எண்ணெய்ச் சட்டியைக் கடைசியிலும் தேய்க்கச் சொல்லுங்கள். அவர் கழுவி வைத்ததை அவர் கண் முன்னால் எடுத்து மறுபடி கழுவாதீர்கள், அத்தோடு அவர் நிறுத்திவிடுவார்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் மாறவில்லை என்றால், அறைத்தோழராக இருந்தால் வேறு ஆளையோ வேறு வீட்டையோ பாருங்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கணவனோ மனைவியோ என்றால் அப்படிச் செய்ய முடியாது. அவர்களிடம் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, "நீ போட்டுட்டுப் போறதை நான்தான் எடுக்கணும்னு நீ நினைக்கிறே, அதுதான் எனக்கு வலிக்குது" என்று நேராகச் சொல்லுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு வாக்கியத்தை இன்னும் யாரும் சொன்னதே இல்லை.

நன்றி, வணக்கம்.