66-ஆம் எண் சாலையில் கடல் எங்கே இருக்கிறது?

[காட்சி: கன்னியாகுமரி, விடியற்காலை. திருவள்ளுவர் சிலைக்குப் பின்னால் வெளுக்கும் வானம்.]

கன்னியாகுமரியில் தொடங்கி மும்பைக்குப் பக்கத்தில் பன்வேல் வரை போகிறது தேசிய நெடுஞ்சாலை 66. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், கோவா, மகாராஷ்டிரம் என்று ஐந்து மாநிலங்கள், சுமார் 1,600 கிலோமீட்டர். வரைபடத்தில் கடலோரமாகவே கோடு இழுத்த மாதிரி இருக்கும். வண்டியைக் கிளப்பிய பிறகுதான் தெரியும், வழிநெடுகக் கண்ணில் படுவது தென்னந்தோப்பும் கடைவீதியும்தான். கடல் வேண்டுமென்றால் எங்கே இடது பக்கம் திரும்புவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நிறுத்தச் சொல்லும் இடத்தில் கடலே கிடையாது. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு.

[காட்சி: அரண்மனைத் தரை, மிக அருகில்.]

தரையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கன்னங்கரேல் என்று, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. சுண்ணாம்போடு சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டது என்கிறார்கள். திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள், விடுமுறை.

கேரளத்தில், கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் நடுவே முழப்பிலங்காடு. அலை நனைத்து இறுகிய மணலில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் காரையே ஓட்டிப் போகலாம். அலை ஏறாத நேரமாகப் பார்த்து இறங்குங்கள். ஓட்டி முடித்ததும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்பு இரும்பைத் தின்றுவிடும். அப்புறம் வழியில் பேக்கல் கோட்டை. மாலை வெயிலில் நன்றாக இருக்கும்.

கர்நாடகம் வந்ததும்தான் பயணம் சூடு பிடிக்கிறது. உடுப்பி அருகே மல்பேயில் படகேறினால் செயின்ட் மேரிஸ் தீவு. எரிமலைக் குழம்பு குளிர்ந்து வெடித்து, அறுகோணத் தூண்களாக அடுக்கி வைத்த மாதிரி நிற்கிறது. மடகாஸ்கர் இந்தியாவோடு ஒட்டியிருந்த காலத்துப் பாறை. மழைக்காலத்தில் படகு ஓடாது.

[காட்சி: மரவந்தே, ட்ரோன்.]

குந்தாப்பூர் தாண்டி மரவந்தே. இங்கே திரும்ப வேண்டிய வேலையே இல்லை. இடது கைப்பக்கம் அரபிக்கடல், வலது கைப்பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் நம் சாலை. ஒரு ஜன்னலில் இரைச்சல், இன்னொரு ஜன்னலில் அசையாத தண்ணீர். இத்தனை தூரத்தில் எனக்குப் பிடித்த இடம் எதுவென்று கேட்டால் இதுதான். சற்றுத் தள்ளி முருடேஸ்வரில் 123 அடி சிவன் சிலை. பக்கத்துக் கோபுரத்தில் லிஃப்டில் ஏறி அந்தச் சிவனையே மேலிருந்து பார்க்கலாம்.

கோவாவுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. அதைத் தாண்டி மகாராஷ்டிரத்தில் குடாளில் இடது பக்கம் பிரிந்தால் மால்வண். கரையிலிருந்து படகில் சிந்துதுர்க் கோட்டை. 1664-ல் சிவாஜி கட்டத் தொடங்கியது. உள்ளே மூன்று கிணறுகள். பெயர்கள் பால், தயிர், சர்க்கரை. மதிலுக்கு வெளியே நாலாபக்கமும் உப்புக்கடல், கிணற்றில் குடிக்கும் தண்ணீர்.

[காட்சி: கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் கேமரா. பின்னணியில் அலைச் சத்தம் மட்டும்.]